நடுவில் உட்கார ஒரு மாமா

போன வாரம் திருப்பத்தூரில் ஒரு கல்யாண வரவேற்பு. பந்தியில் நம் வயசுக்காரர்களாகப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தோம். என் மகளும் மருமகனும் கவுன்சிலிங் போகிறார்கள் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், வடை பரிமாறிக்கொண்டிருந்தவர்கூட நின்று கேட்டார். "புருசன் பொண்டாட்டிக்கு நடுவுல மூணாவது ஆளா? நம்ம காலத்துல இதெல்லாம் உண்டா?" என்று ஒருத்தி இழுக்க, அத்தனை பேரும் சிரித்தீர்கள். வாயில் பாயசம் இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். உண்டும்மா, உண்டு. மலையில் எங்கள் வீட்டில் ஒருவர் இருந்தார். ஃபீஸெல்லாம் கிடையாது. ஒரு உருண்டை களியும் ஒரு சொம்புத் தண்ணீரும்தான்.

அவர் அப்பாவின் சிநேகிதர். அம்மா அவரை அண்ணா என்பாள், அப்பா மச்சான் என்பார், எனக்கு மாமா. ரத்த சொந்தம் எதுவும் இல்லை. எங்கள் ஊர் ஜமுனாமரத்தூர் பஸ் ரோட்டிலிருந்து இறங்கி, ஓடையைத் தாண்டி நடந்தால் வரும். ஓடைக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு, அந்தப் பக்கம் மாமா வீடு. சாமை அறுப்பு என்றால் அப்பா அவர் கொல்லைக்குப் போவார். புளி அடிக்கிற காலத்தில் அவர் எங்கள் மரத்தில் ஏறுவார். கூலிப் பேச்சே கிடையாது.

மாமாவுக்கும் ஒரு மனைவி இருந்தாள். கட்டிக்கொண்டு வந்த கொஞ்ச காலத்திலேயே செங்கம் பக்கத்திலிருந்த தாய் வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டாள் என்றுதான் ஊர் சொன்னது. அந்தச் சண்டையை யாராவது காதால் கேட்டார்களா என்று எனக்கு இப்போதுதான் கேட்கத் தோன்றுகிறது. அப்போது நான் சின்னப் பெண். ஊர் சொன்னதெல்லாம் எனக்கும் வேதவாக்கு.

பொழுது சாய்ந்தால் மாமா வந்துவிடுவார். காதில் ஒரு பீடி செருகியிருக்கும், தோளில் ஒரு சாயம்போன துண்டு. வாசலில் பலாமரத்தடியில் ஒரு பழைய உரல் கவிழ்ந்து கிடக்கும். அதன்மேல் உட்காருவார். அப்பா மரத்தில் சாய்ந்து கீழே உட்காருவார். சமையல் இடம் அவர்களுக்குப் பின்னால், மூங்கில் தட்டியில் மண் பூசிய சுவருக்கு அந்தப் பக்கம். அம்மா அங்கே களி கிண்டிக்கொண்டிருப்பாள். தட்டிச் சுவர் என்பதால் இந்தப் பக்கம் பீடி பற்றவைத்தால் அந்தப் பக்கம் தீக்குச்சி உரசுவது கேட்கும்.

எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு வழக்கம். கட்டினவனை நேருக்கு நேர் கூப்பிட்டுப் பேசுகிறவளை வாய்க்காரி என்பார்கள். கட்டினவளோடு உட்கார்ந்து பேசுகிற ஆம்பளைக்கு அதைவிட மோசமான பேர் உண்டு, அதை நான் எழுதமாட்டேன். என் அப்பா அம்மா இருவருக்கும் நல்ல பேர் எடுப்பதில் ரொம்ப ஆசை. அதனால் எல்லாப் பேச்சும் மாமா வழியாகத்தான் போகும்.

"மச்சான், இந்தச் சந்தைக்குப் போனா பாப்பாவுக்கு ஒரு பாவாட எடுக்கலாம்னு பாக்கறேன்" என்பார் அப்பா.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். "அண்ணா, பாவாட கெடக்கட்டும். கூரை ஒழுகுது. அந்த மனுசனுக்குக் கண்ணு இன்னா பொடனிலயா கீதுன்னு கேளுங்க."

மாமா பீடியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அப்பா பக்கம் திரும்புவார். "மச்சான், கூரைய கொஞ்சம் பாக்கச் சொல்லுது தங்கச்சி."

"பாத்துட்டா போச்சு" என்பார் அப்பா.

கவனித்தீர்களா? பிடரியில் கண் என்று அம்மா சொன்னது அப்பாவின் காதில் நன்றாகவே விழுந்திருக்கிறது. இருந்தாலும் அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. மாமா சொன்னதற்குத்தான் சொன்னார். பத்தடி தூரத்துக்குள் அந்தப் பேச்சு மாமாவின் வாய்க்குள் போய், கல் பொறுக்கின அரிசியாக வெளியே வரும். திரும்பிப் போகும்போதும் அப்படியே. அப்பா "அவளுக்கு வேற வேலை இல்ல" என்றால் மாமா சுவரைப் பார்த்து, "செய்றேன்றான் தங்கச்சி, கொஞ்சம் பொறுத்துக்க" என்பார். அந்தப் பக்கம் களித் துடுப்பு வேகமாகச் சுற்றும். கோபமா சந்தோஷமா என்று துடுப்புச் சத்தத்தை வைத்தே எனக்குத் தெரிந்துவிடும்.

நான் பலாமர வேரில் உட்கார்ந்து சுட்ட புளியங்கொட்டையை மென்றுகொண்டு இதையெல்லாம் கேட்பேன். இவர்கள் ஏன் நேராகப் பேசிக்கொள்ளக்கூடாது என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. எல்லா வீட்டிலும் ஒரு மாமா உட்கார்ந்திருப்பார் என்றே நினைத்திருந்தேன்.

இதைக் கெடுத்தது எங்கள் பக்கத்து வீட்டு அத்தை. கெட்டவள் இல்லை. அம்மாவுக்கு உயிர்த்தோழி. நமக்கு வேண்டாதவர்கள் நம்மிடம் வந்து எதுவும் சொல்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா? குடும்பத்தில் கொள்ளி வைக்க நல்ல சிநேகிதிதான் வேண்டும், அதுவும் நம்மேல் நிஜமாகவே பாசம் உள்ளவளாக.

ஒரு நாள் காலையில் ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். அத்தை ஒரு புடவையை அடித்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னாமே, மாடு வாங்கப் போறீங்களாமே? கறவ மாடு! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தியா?"

அம்மாவின் கை நின்றுவிட்டது. "மாடா? யாரு சொன்னாங்க?"

"சந்தைல ஒன் வூட்டுக்காரரும் அந்தாளும் மாடு பாத்துக்கினு நின்னாங்களாம். எங்கூட்டுக்காரரு பாத்துட்டு வந்து சொன்னாரு. ஒனக்குத் தெரியாதா?" அத்தை புடவையைப் பிழிந்தாள். பிழியும்போது அதையும் சொன்னாள். "ஒன் புருசன் ஒங்கிட்ட பேசற பேச்ச விட அந்தாளுகிட்ட பேசறதுதாம்மே அதிகம். தன் பொண்டாட்டிய வெச்சுக்கத் தெரியாதவன ஒன் வூட்ல கொண்டாந்து ஒக்கார வெச்சிக்கினு கீற. பாத்துக்க, அவ்ளோதான் சொல்வேன்."

 அம்மா துவைக்காத துணியையும் துவைத்ததோடு சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றைக்கு முழுக்க அவள் வாயில் ஒரே பேச்சுத்தான், என்னிடமும் ஆட்டுக்குட்டியிடமும் அடுப்பிடமும். "வூட்டுக்கு மாடு வர்றது ஊருக்கே தெரியுது. கயிறு புடிக்கப் போற எனக்குத் தெரியாது."

அவளுக்கு மாட்டின்மேல் கோபம் இல்லை. மாடு அவளுக்குப் பிடிக்கும். அத்தை முன்னால் ஒன்றும் தெரியாமல் நின்றதுதான் அவளைச் சுட்டது. அந்த அவமானத்தை நானும் பிறகு என் கல்யாணத்தில் பட்டிருக்கிறேன். நீங்களும் பட்டிருப்பீர்கள்.

சாயங்காலம் வழக்கம்போல மாமா வந்தார். அன்றைக்குத் தலையெல்லாம் வாரி, கொஞ்சம் பளிச்சென்று வந்ததாக ஞாபகம். அப்பாவும் என்னவோ நெளிந்துகொண்டிருந்தார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "தங்கச்சி, ஒரு சமாச்சாரம்..." என்று ஆரம்பித்தார். அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கவில்லை. கையில் துடுப்போடு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணா, ஒங்களுக்குன்னு ஒரு வூடு கீது இல்ல?"

மாமா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா பலாமரத்தைப் பார்த்தார்.

"கீது தங்கச்சி" என்றார் மாமா. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். என் தலையைத் தொட்டுவிட்டு ஓடைப் பக்கம் இறங்கிப் போனார். அன்றைக்கு அவர் பங்குக் களி அடுப்பு மேலேயே காய்ந்தது. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய ஆளுதான் போய்விட்டாரே.

முதல் இரண்டு நாள் அம்மா ஜெயித்தவளாக நடமாடினாள். வாசலைப் பெருக்கி, உரலை ஓரமாக உருட்டிவிட்டாள். "இப்பதாம்மே வூடு வூடு மாதிரி கீது" என்று அத்தை வந்து பாராட்டிவிட்டுப் போனாள். அப்புறம்தான் எங்கள் வீட்டில் யாருமே பேசுவதில்லை என்பது தெரிய ஆரம்பித்தது. அப்பா கொல்லையிலிருந்து வருவார், மரத்தடியில் உட்காருவார், வாயைத் திறப்பார், எதிரே ஆள் இருக்காது, மூடிக்கொள்வார். ஒரு நாள் சேவலிடம் மழையைப் பற்றிப் பேசிப் பார்த்தார். சேவல் ஒத்துழைக்கவில்லை. உள்ளே துடுப்பு ஒரே சீராகச் சுற்றியது. எனக்கு ஒன்றும் விளங்காத சத்தம் அது.

பிறகு இரண்டு பேரும் என்னைப் பிடித்தார்கள். நானும் பெருமையாக மாமா வேலையை எடுத்துக்கொண்டேன். எனக்குத்தான் ஞாபகசக்தி ஜாஸ்தி ஆயிற்றே. அம்மா சொன்னதை ஒரு எழுத்து விடாமல் அப்பாவிடம் ஒப்பிப்பேன்.

"அப்பா, நீ பொடனில கண்ண வெச்சிக்கினு கீறியாம். விறகு இல்லையாம்."

அப்பாவுக்கு முகம் கறுத்துவிடும். "வெட்டிக்கச் சொல்லு அவளையே."

"அம்மா, ஒன்னையே வெட்டிக்கச் சொன்னாரு!"

மாமா இருந்திருந்தால் இது விறகாக முடிந்திருக்கும். என் கையில் அது மூன்று நாள் பட்டினியாக முடிந்தது. அம்மா சாப்பிடுவதைக் குறைத்தாள். கேட்டால் பசியில்லை என்பாள். கன்னத்து எலும்பு தெரிய ஆரம்பித்தது. தாய் வீட்டுக்குப் போகும்போது எடுத்துப் போகிற துணிப்பையை ஒரு நாள் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தாள்.  மாமாவின் மனைவி போய்த் திரும்பி வராத கதை எனக்குத் தெரியும் இல்லையா? அந்தப் பை காய்ந்ததும் அதை எடுத்துச் சாமைக் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அம்மா தேடினாள். அப்புறம் தேடவில்லை.

இதற்கு நடுவில் புளி பழுத்துவிட்டது. பங்குனி வெயிலில் ஓடுகள் வெடித்து, கொல்லை முழுக்கப் புளிப்பு மணம். சந்தைக்கு வியாபாரிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள், காத்திருக்க முடியாது. வருஷா வருஷம் மரம் ஏறுவது மாமா. இலைக்குள்ளே நிற்கிறவருக்குத் தன் காலுக்கு அடுத்த கிளை உயிரோடு இருக்கிறதா பட்டுப்போனதா தெரியாது. கீழே நிற்கிறவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அம்மா கீழே நின்று, "அண்ணா, வடக்கால போவாதீங்க, பட்ட கெள! இந்தாண்ட வாங்க!" என்று கொல்லையே அதிர மாமாவுக்குக் குரல் கொடுப்பாள். அண்ணன் முறை ஆயிற்றே, கத்துவதற்கு என்ன தடை?

அந்த வருஷம் அப்பா ஏறினார். மாமா அளவுக்கு லாகவம் கிடையாது, உடம்பும் கனம், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஏறியிருந்தார். நான் கொஞ்சம் தள்ளிக் கோணியில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பொறுக்கினதில் பாதி வாய்க்குள் போய், பல்லெல்லாம் கூசிக்கொண்டிருந்தது. அம்மா மரத்தடியில் அண்ணாந்து நின்றாள். அப்பா ஒரு கிளையை உலுக்கினார், பழம் சடசடவென்று கொட்டியது. அடுத்த கிளைக்குக் காலை நீட்டினார். அம்மா என் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"பாப்பா! அந்தக் கெள பட்டதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு!"

என் வாய் நிறையப் புளி. அதைத் துப்பிவிட்டு, "அப்பா, அம்மா இன்னா சொல்றாங்கன்னா..." என்று ஆரம்பித்தேன்.

அதற்குள் படீரென்று ஒரு சத்தம். கிளை கீழே வந்தது. அப்பா வரவில்லை. மேல் கிளையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். கால்கள் காற்றில் துழாவின. ஒரு செருப்பு கழன்று என் கோணியில் வந்து விழுந்தது.

"யோவ்!"

அம்மாவின் குரல்தான் அது. அப்படி ஒரு குரல் அவளிடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

"யோவ், எடது கால வெய்யா! எடது கால! பின்னால! பொறவால கீது பாரு கவட்ட! வெச்சியா? வெச்சியாய்யா? கைய வுட்றாதே! மெதுவா எறங்கு! உன்ன யாருய்யா ஏறச் சொன்னது, பாவி மனுசா!"

அப்பா கால் வைத்தார். இறங்கினார். நெஞ்செல்லாம் சிராய்ப்பு. அம்மாவுக்கு எதிரே வந்து நின்றார். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. ஆளுக்கு ஆயிரம் இருந்திருக்கும் சொல்வதற்கு. அப்பா வாயைத் திறந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருவரும் ஒரே நேரத்தில் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்கள். நான்தான் இருந்தேன், ஒற்றைச் செருப்போடு. அப்பா அதை வாங்கி மாட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

 அம்மா, "வாடி" என்று என் கையைப் பிடித்தாள். கொட்டிக் கிடந்த புளியை அப்படியே விட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். ஓடையைத் தாண்டும்போதுதான் எங்கே போகிறோம் என்று எனக்குப் புரிந்தது.

மாமா வாசலில் உட்கார்ந்து முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தார், எழுந்திருக்கவில்லை.

"களி கிண்டப் போறேன். வாங்க" என்றாள் அம்மா. எங்கள் பக்கத்தில் மன்னிப்பு கேட்பது இவ்வளவுதான்.

"அவன் அனுப்பினானா?"

"அவரு எங்க அனுப்புவாரு? நானேதான் வந்தேன்." மாமாவுக்கு எதிரே வந்து நின்றாள். "வுழுந்திருப்பாருண்ணா. கூப்புட வாய் வரல. கண்ணு முன்னால அந்தக் கெளைல கால வெக்கறாரு, எனக்கு வாய் வரல. இந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லிக்கினு நிக்கறேன்."

மாமா பதறி எழுந்துவிட்டார். "அடி பட்டுச்சா?"

"சிராய்ச்சிக்கினு கீது. வேற ஒண்ணும் இல்ல."

மாமா மறுபடி உட்கார்ந்தார். முறத்திலிருந்த சாமையை விரலால் கோடு போட்டுக்கொண்டே பேசினார். "தங்கச்சி, அந்த மாட்டு சமாச்சாரம் பேசத்தான் அன்னிக்கு வந்தேன். மாட்டப் பாத்துட்டு வர்ற வழியெல்லாம் அதே பேச்சு. 'நீ ஆரம்பி மச்சான், அவ உள்ள இருந்து கேட்டுக்குவா, அவளுக்குப் புடிச்சிருந்தாதான் வாங்கணும்'னான். எனக்கு சொன்னதே ஒனக்கு சொல்றதுக்குத்தான்."

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அத அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்ல எங்க வுட்டே?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அம்மாவுக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மாமா சாமையைப் பார்த்தபடியே சொன்னார்.

"எங்கூட்ல சண்டையே நடக்கல தங்கச்சி. ஊருல சொல்றது பொய்யி. அவளுக்கும் பேசத் தெரில, எனக்கும் தெரில. நடுவுல ஒக்கார ஆளு இல்ல. ஒரு நா எழுந்து பாத்தேன், அவ இல்ல."

 அம்மா மாமாவின் முறத்தை எடுத்து, மிச்சச் சாமையைப் புடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினாள். பொண்டாட்டியை வைத்துக்கொள்ளத் தெரியாதவன் என்று ஊர் சொன்ன மனுஷன், அந்தத் தப்பு இன்னொரு வீட்டில் நடக்காமல் இருக்கத்தான் பொழுது சாய்ந்தால் ஓடையைத் தாண்டி வந்திருக்கிறார். நாங்கள் எல்லோரும் களிக்கு வருகிறார் என்று நினைத்தோம்.

அன்று சாயங்காலம் மாமா வந்து உரலை அவரே உருட்டிப் பழைய இடத்தில் போட்டு உட்கார்ந்தார். அப்பா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏன் வரவில்லை, எப்படி வந்தாய், ஒன்றும் கேட்கவில்லை. மஞ்சள் பத்துப் போட்ட நெஞ்சைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறினார். உள்ளே துடுப்பு சுற்றிக்கொண்டிருந்தது.

"மச்சான்" என்றார் அப்பா. "மரத்து மேல இருந்து பாத்தேன். ரொம்ப எளச்சிட்டா."

துடுப்பு நின்றது.

மாமா சுவர்ப் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீ எளச்சிட்டியாம்."

 அப்புறம் அம்மாவின் குரல், மூக்கடைத்த குரலாக வந்தது.

"மேல ஏறின மனுசன் கெளையப் பாக்காம என்னைய இன்னாத்துக்குப் பாத்தாருன்னு கேளுங்கண்ணா."

நான் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எப்படிக் கல் பொறுக்கி அப்பாவிடம் கொடுக்கப் போகிறார் என்று ஆவல். மாமா காதிலிருந்த பீடியை எடுத்தார், பார்த்தார், மறுபடி செருகிக்கொண்டார்.

"இதுக்கு நான் எதுக்கு? எழுந்து போய் நீயே சொல்லு மச்சான்" என்றார்.

அப்பா அவரைத் திகைத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, தலையைக் குனிந்து, சமையல் இடத்துக்குள் போனார்.

அப்பா என்ன பதில் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தட்டிச் சுவர்தான், காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அவர் உள்ளே போன நிமிஷத்திலிருந்து வெளியே வரும்வரைக்கும் மாமா ஓயாமல், ஊருக்கே கேட்கிற மாதிரி, இருமிக்கொண்டே இருந்தார்.